மாண்ட பிள்ளைகளின் பெயரில் தொண்டு: பள்ளிகள் யோசிக்க வேண்டியவை

2025-ஆம் ஆண்டின் இரண்டு தேதிகளை மலேசியப் பெற்றோர் எளிதில் மறக்கமாட்டார்கள். ஜூன் 9 அதிகாலை, கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பஸ் கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டார்கள். அக்டோபர் 14 அன்று, கோலாலம்பூரை ஒட்டிய பண்டார் உத்தாமாவில், 16 வயது மாணவி ஒருவர் தம் பள்ளி வளாகத்துக்குள்ளேயே கத்தியால் குத்தப்பட்டு உயிரிழந்தார்.

இத்தகைய மரணங்களின் நினைவு நாள் நெருங்கும்போது பள்ளிகளிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிலும் கோயில் நிர்வாகங்களிலும் ஒரு கேள்வி எழுகிறது: அன்றைக்கு என்ன செய்வது? மெழுகுவத்தி ஏந்துவதா, மௌன அஞ்சலியா, இரத்த தானமா, ஊர் கூடித் துப்புரவு செய்யும் கோத்தோங் ரோயோங்கா? பிள்ளை இறந்ததற்குக் கால்வாயைச் சுத்தம் செய்வது என்ன மரியாதை என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் காண, இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

எதைச் சொல்கிறோம்

நினைவுத் தொண்டு நாள் என்பது, ஒரு துயரம் நிகழ்ந்த தேதியில் ஆண்டுதோறும் ஒரு பள்ளியோ ஊரோ கூடி, மாண்டவர்களின் பெயரில் பிறருக்குப் பயன்படும் வேலையைச் செய்வது. யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, கூலியும் இல்லை.

நீதிமன்றம் விதிக்கும் சமூக சேவையை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பொது இடத்தில் குப்பை போடுபவர்களுக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதத்துடன் 12 மணி நேரம் வரை சமூக சேவையும் விதிக்க வகை செய்யும் சட்டத் திருத்தங்கள் 2026 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. தெருக் கூட்டுவதும் கால்வாய் அள்ளுவதும் தண்டனையாக மக்கள் மனத்தில் பதியத் தொடங்கிவிட்ட காலத்தில், நினைவு நாளுக்கும் அதே வேலையைத் தேர்ந்தெடுப்பது பொருத்தமா என்று ஏற்பாட்டாளர்கள் ஒருமுறை யோசிப்பது நல்லது.

கொலம்பைன் எடுத்த முடிவு

இந்த வகையில் உலகம் அதிகம் பேசும் பள்ளி, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகருக்கு அருகிலுள்ள கொலம்பைன் உயர்நிலைப்பள்ளி. 1999 ஏப்ரல் 20 அன்று அங்குப் படித்த இரு மாணவர்களே துப்பாக்கியும் வெடிகுண்டுகளும் கொண்டு நுழைந்து 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்றார்கள். அன்று சுடப்பட்டு முடங்கிப்போன பெண்மணி ஒருவர் 2025-இல் காலமானபோது, அந்தச் சாவும் கொலையாகவே பதிவாகி எண்ணிக்கை 14 ஆனது. காயம்பட்டவர்களுக்கு அந்தத் தேதி எவ்வளவு நீளும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அதன்பின் ஒவ்வோர் ஏப்ரல் 20-ஆம் தேதியும் அங்குப் பாடம் நடத்துவதில்லை. நீண்ட காலம் அது வெறும் விடுமுறையாகவே இருந்தது. 2017-இல் பள்ளி அதைத் தொண்டு நாளாக மாற்றியது. மாணவர்கள் குழுகுழுவாகப் பிரிந்து, வீடற்றோர் காப்பகங்களிலும் தொடக்கப்பள்ளிகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்கிறார்கள்.

ஏன் 18 ஆண்டுகள் கழித்து? இரண்டு காரணங்களை நாம் கவனிக்க வேண்டும்.

1. அப்போது பள்ளியில் படித்தவர்களில் பெரும்பாலோர் சம்பவம் நடந்த காலத்தில் பிறந்திருக்கவேயில்லை. நேரில் காணாத துயரத்துக்காகப் பிள்ளையை மௌனமாக நில் என்றால் நிற்கும்; மனத்தில் ஒன்றும் தங்காது. கையில் ஒரு வேலையைக் கொடுத்தால், இதை எதற்காகச் செய்கிறோம் என்று அதுவே கேட்கும்.

2. கொலையாளிகளின் பெயர்கள் உலகெங்கும் பரவி, அவர்களை வழிபடும் கூட்டமே உருவாகிவிட்டது. அந்தக் கட்டடத்தைக் காணவென்றே வந்து நிற்பவர்களின் தொல்லை தாங்காமல், பள்ளியை இடித்துவிடலாமா என்று 2019-இல் மாவட்டக் கல்வி நிர்வாகம் வெளிப்படையாகவே ஆலோசித்தது. இடிக்கவில்லை. ஆனால், அந்தத் தேதி யாருக்குச் சொந்தம் என்ற போட்டி அங்கு உண்மையிலேயே நடக்கிறது. தொண்டு நாள் அந்தத் தேதியை மாண்டவர்களின் பக்கம் இழுக்கிறது.

2018 பிப்ரவரி 14 அன்று 17 பேரை இழந்த புளோரிடா மாநிலத்தின் பார்க்லேண்ட் பள்ளியும் முதலாண்டு நினைவில் இதே வழியில் போனது. கொலையாளியின் பெயரைப் பின்னுக்குத் தள்ளி மாண்டவர்களை முன்னிறுத்தும் இந்த எண்ணம் நமக்கும் தேவை. பண்டார் உத்தாமா சம்பவத்துக்குப் பிறகு கைப்பேசிகளில் சுற்றியவற்றில் எத்தனை மாணவியைப் பற்றியவை, எத்தனை கத்தியைப் பற்றியவை என்பதை ஒவ்வொருவரும் தத்தம் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்க்கட்டும்.

நமக்குப் புதிதல்ல, ஆனால் வேறு

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வருடத் திதிக்கு முதியோர் இல்லத்திலோ பிள்ளைகள் காப்பகத்திலோ ஒரு வேளைச் சாப்பாட்டை ஏற்றுக்கொள்ளும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பல இல்லங்களில் எந்தத் தேதி மதியச் சாப்பாடு யாருடையது என்று பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். தாயின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, சாம்பார் வாளியோடு பிள்ளைகள் பந்தியில் இறங்குவார்கள். மாண்டவர் பெயரால் பிறர் வயிறு நிறைய வேண்டும் என்பது நம் வீடுகளில் ஊறிய பழக்கம்.

ஆனால் வயது முதிர்ந்து இறந்த தாயின் திதிக்கும் பள்ளித் துயரத்துக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பள்ளியில் நிகழும் சாவு பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடிய சாவு. திறக்காத கதவு, அறுந்த பாலம், அணியாத இருக்கை வார், யாரும் காதில் வாங்காத ஒரு முறையீடு என்று எங்கோ ஒரு காரணம் இருக்கும். ஆகவே அன்னதானத்தோடு நின்றுவிட்டால் பாதிக் கடமைதான் முடியும். மற்றப் பாதி, அந்தக் காரணத்தைத் தேடிப் போவது.

இது வெறும் கருத்தல்ல. நம் நாட்டு வரலாறே சாட்சி. 1989 செப்டம்பர் 22 அன்று கெடா மாநிலம் யானில் ஒரு சமயப் பள்ளியின் விடுதி தீப்பிடித்து 27 மாணவிகள் மாண்டார்கள். நாடே அழுதது. 28 ஆண்டுகள் கழித்து, 2017 செப்டம்பர் 14 அதிகாலையில், கோலாலம்பூர் கம்போங் டத்தோ கிராமாட்டில் குர்ஆனை மனனம் செய்யக் கற்பிக்கும் ஒரு தஹ்ஃபீஸ் பள்ளியின் விடுதியில் தீப்பற்றி, மாணவர்களும் ஆசிரியர்களுமாக 23 பேர் உயிரிழந்தார்கள். வெளியேறும் வழியைத் தீ அடைத்தது; ஜன்னல்களை இரும்புக் கிரில் அடைத்திருந்தது. பிள்ளைகளின் கூக்குரலைக் கேட்டபடி அக்கம்பக்கத்தார் கீழே செய்வதறியாது நின்றார்கள். முதல் துயரத்துக்காக வடித்த கண்ணீர் பொய்யல்ல. அது ஒரு விடுதியின் கதவைக்கூடத் திறந்து வைக்கும் வழக்கமாக மாறாமல் போனதுதான் என் மனத்தை அறுக்கிறது.

காரணத்துக்கு ஏற்ற தொண்டு

எனவே முதலில் கேட்க வேண்டியது: இந்தப் பிள்ளைகள் எதனால் மாண்டார்கள்? அடுத்தது: அதே காரணத்தால் இன்று ஆபத்தில் இருப்பவர்கள் நம் ஊரில் யார்? தொண்டு அந்த இருவருக்கும் இடையே அமைய வேண்டும்.

1. தீ. கோலாலம்பூரின் பிபிஆர் எனும் மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடிகளில் ஒரு வீட்டு வாசலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மரக்கதவு, அதன் வெளியே இரும்புக் கிரில், கிரிலில் ஒரு பூட்டு. சாவி மருமகளின் கைப்பையில், மருமகள் வேலையில். உள்ளே பாட்டியும் இரண்டு பேரப்பிள்ளைகளும். திருடனுக்காகப் போட்ட பூட்டு தீ வந்தால் யாரைத் தடுக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நினைவு நாளில் பொம்பா எனும் தீயணைப்புத் துறையின் அதிகாரிகளோடும் குடியிருப்பாளர் சங்கத்தோடும் சேர்ந்து மூத்த மாணவர்கள் ஒரு புளோக்கைச் சுற்றி வரலாம். துருவேறிய பூட்டுக்கு எண்ணெய் விடுவது. மாற்றுச் சாவி ஒன்றைக் கதவுக்கு உள்பக்கம், பிள்ளைக்கு எட்டும்படியும் வெளியிலிருந்து நீட்டும் கைக்கு எட்டாதபடியும் ஆணியில் மாட்டுவது. விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பூட்டைத் திறந்து காட்டச் சொல்வது. 999-ஐ அழைத்து முகவரி சொல்லப் பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவது. பள்ளியிலேயே தீயணைப்புக் கருவிகளின் முள் பச்சையில் நிற்கிறதா, ஒட்டுவில்லையின் காலம் கடந்துவிட்டதா என்று பார்ப்பது. செலவு சொற்பம். எந்த மேடையும் வேண்டியதில்லை. ஆனால் மாணவர்களைத் தனியே வீடு வீடாக அனுப்பக் கூடாது. பெரியவர் துணையும் வீட்டாரின் சம்மதமும் முன்கூட்டியே வேண்டும்.

2. நீர். 2010 ஜனவரி 17 அன்று பினாங்கில் மெக்காலம் ஸ்திரீட் காட் கடலோரத்தில் சுங் லிங் உயர்நிலைப்பள்ளியின் டிராகன் படகு கவிழ்ந்து ஓர் ஆசிரியரும் ஐந்து மாணவர்களும் மாண்டார்கள். அதற்கு முந்திய ஆண்டு, 2009 அக்டோபரில், கம்பார் அருகே குவாலா டிப்பாங்கில் முகாமுக்குச் சென்ற தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தொங்கு பாலம் அறுந்து ஆற்றில் விழுந்தார்கள். மூன்று மாணவிகள் திரும்பவில்லை. நம் சமூகத்தில் நீச்சல் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? ஒரு முன்னாள் மாணவர் சங்கம் ஆண்டுதோறும் ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தரும் செலவை ஏற்றால், அதைவிடப் பொருத்தமான மாலை அந்த மாணவிகளுக்குக் கிடையாது. முகாமுக்குப் போகும் முன் பாலம், படகு, உயிர்காப்பு அங்கி, உடன்வரும் பெரியவர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பெற்றோர் ஆசிரியர் சங்கமே நேரில் சரிபார்க்கும் வழக்கமும் தொண்டுதான்.

3. சாலை. கிரிக் விபத்துக்குப் பிறகு, 2025 ஜூலை 1 முதல் விரைவு பஸ்களிலும் சுற்றுலா பஸ்களிலும் இருக்கை வார் அணிவது கட்டாயமானது. பள்ளிச் சுற்றுலா புறப்படும் காலையில் மூத்த மாணவர்கள் வரிசை வரிசையாகச் சென்று சின்னப் பிள்ளைகளுக்கு வாரை மாட்டிவிடலாம். வார் இல்லாத பஸ்ஸைத் திருப்பி அனுப்பும் துணிச்சல் சங்கத்துக்கு இருக்க வேண்டும்.

4. வன்முறை. இதுதான் மிகக் கடினம். பூட்டுக்கு எண்ணெய் விடுவதுபோல் மனத்துக்கு விட முடியாது. ஓய்வு நேரத்தில் தனியே உட்கார்ந்திருக்கும் புதுமுக மாணவரோடு மூத்தவர் ஒருவர் ஆண்டு முழுவதும் துணையாக இருப்பது, பகடிவதையைக் கண்டால் எந்த ஆசிரியரிடம் சொல்வது என்று வகுப்புதோறும் விளக்குவது போன்ற பணிகளை ஒரே நாளில் முடிக்க இயலாது. நினைவு நாளை அவற்றின் தொடக்க நாளாக வைத்துக்கொள்ளலாம். மாணவர்களை வேவுபார்ப்பவர்களாகவோ ஆலோசகர்களாகவோ ஆக்கிவிடவும் கூடாது. அந்தப் பொறுப்பு பயிற்சி பெற்ற பெரியவர்களுடையது.

இரத்த தானம் எந்தத் துயரத்துக்கும் பொருந்தும் நல்ல செயல். ஆனால் 17 வயதுக்குக் குறைந்தவர்கள் கொடுக்க முடியாது. 17 வயதினருக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. பள்ளியில் நடத்தினால் பெற்றோரும் ஆசிரியர்களும் கொடுக்கப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும் நாளாகிவிடும். பிள்ளைகளுக்கும் வேலை வேண்டும்.

தொண்டு விசாரணைக்கு மாற்று அல்ல

இந்த வழக்கத்தில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஊரார் அன்பால் செய்யும் வேலை, பொறுப்பாளிகள் செய்யத் தவறியதை மூடி மறைக்கும் திரையாகிவிடலாம்.

வேல்ஸ் நாட்டின் அபர்பான் கிராமத்தில் நடந்ததை இதற்காகவே ஒவ்வொரு பள்ளி வாரியமும் படிக்க வேண்டும். 1966 அக்டோபர் 21 காலை, மலைச்சரிவில் குவித்திருந்த நிலக்கரிக் கழிவு மழைநீரில் கரைந்து சரிந்து தொடக்கப்பள்ளியை மூடியது. 116 பிள்ளைகளும் 28 பெரியவர்களும் மாண்டார்கள். விசாரணை மன்றம் தேசிய நிலக்கரி வாரியத்தின் மீதே குற்றம் சுமத்தியது. உலகெங்கிலுமிருந்து மக்கள் அனுப்பிய நன்கொடை நிதியாகத் திரண்டது. ஆனால் கிராமத்தின் மேல் எஞ்சியிருந்த கழிவுக் குவியல்களை அகற்றும் செலவில் 1,50,000 பவுண்டு அந்த நிதியிலிருந்தே எடுக்கப்பட்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்காக வந்த பணம், பிள்ளைகளைக் கொன்ற மண்ணை அள்ளப் போனது. அது திருப்பிக் கொடுக்கப்பட்டது 1997-இல், அதாவது சம்பவம் நடந்து 31 ஆண்டுகளுக்குப் பிறகு.

கும்பகோணம் இன்னொரு பாடம். 2004 ஜூலை 16 அன்று பள்ளிச் சமையலறையின் கூரையில் பிடித்த தீ வகுப்பறைகளின் கீற்றுக்கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொன்றது. பெற்றோர் ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறார்கள். ஆனால் அஞ்சலியோடு அவர்கள் நின்றுவிடவில்லை. வழக்கு மன்றங்களில் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அந்தத் தீயை முன்வைத்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2009-இல், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்துத் தீப்பாதுகாப்பு நடவடிக்கைகளுக்கு உத்தரவிட்டது.

இதிலிருந்து வரும் நடைமுறை விதி எளிது. பள்ளியில் ஒரு குறைபாடு சாவுக்குக் காரணமாக இருந்தால், அதைச் சரிசெய்யும் செலவு நிர்வாகத்துடையது, அரசுடையது. நினைவு நிதியைத் தொடக் கூடாது. நினைவு நாளில் வாசிக்கும் அறிக்கையில், விசாரணை எந்த நிலையில் உள்ளது, பரிந்துரைத்தவற்றில் எவை நிறைவேறின, எவை கிடப்பில் உள்ளன என்று ஒரு பகுதி இருந்தே ஆக வேண்டும். அதைக் கேட்டு யாருக்காவது சங்கடம் வந்தால் வரட்டும்.

யாரைக் கேட்டுச் செய்வது

முதல் சொல் குடும்பத்தாருடையது. இறந்த பிள்ளையின் பெற்றோர் வேண்டாம் என்றால் அந்தப் பெயரில் எதுவும் நடக்கக் கூடாது. வேண்டும் என்றாலும், எப்படி என்பதை அவர்களே சொல்லட்டும். சில பெற்றோர் வந்து முன்னால் நிற்பார்கள். சிலர் அந்த நாளில் வீட்டுக் கதவைத் திறக்கவே விரும்பமாட்டார்கள். இரண்டும் சரி. குடும்பத்தின் சமயத்தையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஒருவருக்கு ஆறுதலான சடங்கு இன்னொருவருக்கு அந்நியமாக இருக்கலாம்.

அடுத்து, சம்பவத்தை நேரில் பார்த்த மாணவர்கள். நினைவு நாள் நெருங்க நெருங்க அவர்களுக்குத் தூக்கம் கெடுவதும் பயம் திரும்புவதும் இயல்பு. தொண்டு துக்கத்துக்கு மருந்தல்ல. வராமல் இருக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் வேண்டும்; ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கக் கூடாது. அன்று பள்ளி ஆலோசக ஆசிரியர் தம் அறையில் இருக்க வேண்டும்.

புறப்பாட நடவடிக்கைப் புள்ளிகளில் இதைச் சேர்ப்பதா என்பது விவாதத்துக்குரியது. அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான தகுதிப் புள்ளிகளில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்குரியது என்பதால் பெற்றோர் கேட்கத்தான் செய்வார்கள். நான் கூடாது என்பேன். மாண்ட தோழியின் பெயரில் செய்ததைப் படிவத்தில் நிரப்பி மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு, அந்த நாள் வேறொன்றாகிவிடும். மேடை, பொன்னாடை, பிரமுகர் உரை ஆகியவற்றையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கச் சொல்கிறேன்.

சட்டத்தில் இரண்டை ஏற்பாட்டாளர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

1. 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, வழக்குகளில் சம்பந்தப்பட்ட சிறாரின் அடையாளம் வெளிப்படும் வகையில் ஊடகங்களில் பெயரோ முகவரியோ பள்ளியோ படமோ வெளியாவதைத் தடுக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் இது பொருந்தும். மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே பிள்ளையின் படத்தைப் பதாகையில் அச்சிட்டுச் சமூக ஊடகத்தில் ஏற்றும் முன் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்பது அவசியம்.

2. உண்டியல் ஏந்தித் தெருவிலோ வீடு வீடாகவோ பணம் திரட்ட, 1947-ஆம் ஆண்டு வசூல் சட்டப்படி காவல்துறையின் உரிமம் வேண்டும். பள்ளிச் சீருடையோடு பிள்ளைகளை உண்டியலுடன் நிறுத்துவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். சேரும் பணத்தின் கணக்கு அதே ஆண்டுக்குள் குடும்பத்தார் கைக்குப் போக வேண்டும்.

ஐந்தாண்டு கழித்து

இடைநிலைப்பள்ளியில் முதல் படிவம் முதல் ஐந்தாம் படிவம் வரை ஐந்தாண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு. அதற்குள் அந்தத் துயரத்தை நேரில் அறிந்த கடைசி மாணவரும் வெளியேறிவிடுவார். தலைமையாசிரியர் மாற்றலாகிவிடுவார், சங்க நிர்வாகமும் மாறியிருக்கும். நினைவு நாட்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் தேய்ந்துபோகின்றன.

இதற்கு ஒரு வழி, முதலாண்டிலேயே ஒரு பக்க ஆவணம் எழுதுவது. என்ன நடந்தது, எதனால் நடந்தது, பள்ளியில் அதன்பின் என்னென்ன மாறின, இன்னும் மாறாதவை எவை, தொண்டுக்கு எந்த வேலையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று குடும்பத்தாரின் ஒப்புதலோடு எளிய நடையில் எழுதி, பள்ளி வாரியத்தின் கோப்பிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கோப்பிலும் வைக்க வேண்டும். கொலையாளி இருந்தால் அவர் பெயர் அதில் வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் முதல் படிவ வகுப்புகளில், தொண்டு நாளுக்கு முந்திய வாரம் ஓர் ஆசிரியர் அதை வாசித்துக் காட்டட்டும். மாறாதவை என்ற பட்டியலில் அந்த ஆண்டு எதை அடிக்க முடிந்தது என்பதைச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலின் நிரந்தர அங்கமாக வைத்து, நிர்வாகத்தைப் பதில் சொல்லச் சொல்லலாம்.